கோலக் கலை: மரபுகளும் தரமும்

வாசலைப் பெருக்கி நீர் தெளித்து, ஈரம் சற்று அடங்கியதும் விரல்களின் இடையே மாவை ஒழுகவிட்டு வரைவது கோலம். இதற்குத் தூரிகை வேண்டாம், அளவுகோல் வேண்டாம். காலையில் போட்டது நண்பகலுக்குள் காலடியிலும் காற்றிலும் கலைந்துவிடும். மறுநாள் அதே இடத்தில் வேறொன்று வரும். அன்றாடம் தவறாமல் பயிலப்படுவதில் தமிழ்நாட்டின் வேறு எந்த வரைகலையும் இதற்கு ஈடாகாது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இருப்பதுபோன்ற மதிப்பீட்டு முறை இதற்கு இல்லை என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. அது சரியான எண்ணம் அன்று. கோலத்துக்குத் தெளிவான வகைகள் உண்டு. வகைக்கு வகை மாறும் கறாரான தர அளவுகளும் உண்டு. ‘இழை நடுங்குது’, ‘புள்ளி சாய்ஞ்சிருக்கு’ என்று பாட்டிமார் ஒரு பார்வையில் சொல்லிவிடும் தீர்ப்புகளுக்குப் பின்னால் இருப்பவை அந்த அளவுகளே.

தரையைத் தூய்மை செய்து நுண்மணலால் அழகுற வடிவமிடும் வழக்கம் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் முதல் பதிகத்திலேயே வருகிறது. சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் எழுதும் தொய்யில் பேசப்படுகிறது. இன்றைய புள்ளிக் கோலத்தை அவற்றோடு நேராகப் பொருத்திவிட முடியாது. ஆயினும் தரையிலும் உடலிலும் கோடு இழைத்து மகிழ்ந்த கைகள் இந்த மண்ணில் பழமையானவை என்பதற்கு அவை சான்று.

கோலத்தின் தரம் தரையிலிருந்தே தொடங்குகிறது. மண் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்தால் புழுதி அடங்கும். கருமை கலந்த பச்சைப் பின்னணியில் வெள்ளை இழை பளிச்சென்று எழும். ஈரம் மிகுந்தால் மாவு ஊறிக் கோடு பரவும். காய்ந்துவிட்டால் மாவு நிற்காமல் பறக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கால் வைத்தே அறிந்துகொள்கிறார்கள். மாவுக்கும் பதம் உண்டு. மிக நைசாக அரைத்த பச்சரிசி மாவு விரலில் ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு விழும்; சற்றே கொரகொரப்பாக இருந்தால் சீராக இறங்கும். வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த கோலப்பொடி அதைவிட எளிதாக வழுக்கி வரும் என்பதால் பெரும்பாலான வாசல்களில் இன்று அதுவே இடம்பிடித்துவிட்டது. ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்ற நோக்கம் கல்பொடியில் நிறைவேறாது. அந்த நோக்கத்தை மதிப்பவர்கள் கல்பொடியோடு ஒரு பிடி அரிசி மாவையாவது கலந்துகொள்கிறார்கள்.

பொடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும், நடுவிரல் தாங்கும். கை தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். உயர்ந்தால் கோடு அகன்று மங்கும். தாழ்ந்தால் விரல் நகம் பட்டுப் போட்ட இழை கலையும். சிறு வளைவுக்கு மணிக்கட்டும் நீண்ட கோட்டுக்கு முழங்கையும் தோளும் அசைகின்றன. இடுப்பை வளைத்து, காலை மடக்காமல் குனிந்தே போடுவது பழைய முறை. அப்போது முழுக்கோலமும் கண்ணுக்குள் அடங்கும். உட்கார்ந்து போடுபவருக்கு அருகில் உள்ள பகுதி பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் அமைந்துவிடுவது வழக்கமான குறை.

தமிழ்நாட்டில் மிகப் பரவலாக இருப்பது புள்ளிக் கோலம். புள்ளி வைப்பதில் இரண்டு ஒழுங்குகள் உண்டு. ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர்கீழே அடுத்த வரிசைப் புள்ளி அமைந்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும்படி அமைந்தால் இடுக்குப் புள்ளி, ஊடுபுள்ளி, சந்துப் புள்ளி என்று ஊருக்கொரு பெயர். கோலப் புத்தகங்களும் பெண்கள் இதழ்களும் பயன்படுத்தும் குறிப்பு மிகச் சுருக்கமானது. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்றால் நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்த வேண்டும். அப்படி வைத்தால் ஆறு பக்கமும் சமமான அறுகோணம் உருவாகும். அதில் மொத்தம் 169 புள்ளிகள். ‘7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’ என்றால் இரண்டிரண்டாகக் குறையும். 25 புள்ளிகளில் சாய்சதுரம் கிடைக்கும். இந்த ஒற்றை வரிக் குறிப்பைப் படித்த கணத்திலேயே ஒரு பெண் தன் வாசலில் அது பிடிக்குமிடத்தை மனத்தில் அளந்துவிடுகிறாள். புள்ளி வைப்பதிலேயே பாதித் தரம் முடிவாகிவிடும். வரிசை ஒன்று சாய்ந்தாலும் பிறகு எவ்வளவு அழகான கோடும் அதை மறைக்காது.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்துத் தாமரை, கிளி, குத்துவிளக்கு, தேர், பொங்கல் பானை என்று உருவம் கொண்டுவருவது ஒரு வகை. இங்கே தரம் பார்ப்பது எளிது. எல்லாப் புள்ளியும் ஏதோ ஓர் உருவத்துக்குள் பயன்பட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் அச்சில் வார்த்தவைபோல ஒத்திருக்க வேண்டும்.

புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தில்தான் கலையின் முழு வீச்சு வெளிப்படுகிறது. இதையே கம்பிக் கோலம், நெளிக் கோலம், சுழிக் கோலம் என்றும் சொல்வர். அதன் விதிகள் கண்டிப்பானவை. புள்ளி ஒவ்வொன்றும் கோட்டால் சூழப்பட வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே நிற்கக் கூடாது. தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். அறுந்த முனை இருக்கக் கூடாது. போன வழியிலேயே கோடு திரும்பிப் போகக் கூடாது. குறுக்கே வெட்டிச் செல்லலாம். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளின் நடுவில் இரண்டே நிகழ்ச்சிகள்தாம் சாத்தியம்: இரு இழைகள் ஒன்றையொன்று வெட்டும், அல்லது தொடாமல் வளைந்து விலகும். சிக்குக் கோலத்தின் அத்தனை வகைப்பாடும் இந்த இரண்டின் சேர்க்கையிலிருந்து பிறக்கிறது.

ஒரே இழையில் முடியும் சிக்குக் கோலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அது எப்போது அமையும் என்பதற்கு எளிய கணக்கும் இருக்கிறது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, ஓரங்களில் மட்டும் திரும்பி, உள்ளே எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டே சென்றால், வேண்டிய இழைகளின் எண்ணிக்கை அந்த இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணியே. மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒரே இழை. நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு இழை. மூன்றுக்கு ஆறு வைத்தால் மூன்று. சதுரப் புள்ளியிலும் ஒரே இழை வேண்டுமென்றால் என்ன செய்வது? இரு வெவ்வேறு இழைகள் சந்திக்கும் ஓரிடத்தில் வெட்டுவதற்குப் பதிலாக விலகிச் செல்லவிட்டால் அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். கணிதப் பெயர் எதுவும் தெரியாமலே கோலம் போடும் கை இந்த உத்தியைக் கையாள்கிறது. அப்படி விலக்கும்போது நான்கு பக்கமும் ஒத்த சமச்சீர் கெடாமல் காப்பது அடுத்த சோதனை. ஒற்றை இழையும் முழுச் சமச்சீரும் ஒருங்கே அமைந்த பெரிய கோலத்தைக் கோலக் கலையின் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கணினியியல் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது தமிழ்நாட்டிலிருந்துதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தின் வடிவங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினர். சிறிய அடிப்படைத் துண்டுகள் சிலவும் அவற்றை அடுக்கும் விதிகள் சிலவும் இருந்தால், ஒரே குடும்பத்துக் கோலங்களை எந்த அளவுக்கும் பெருக்கலாம் என்பது அந்த ஆய்வின் சாரம். கணினிப் பட மொழிகளின் ஆய்வில் அது நிலையான இடம் பெற்றது. தாவரங்கள் கிளைத்து வளரும் முறையைக் கணினியில் வரையும் லிண்டன்மேயர் விதிகளை விளக்குவோரும் கண்ணன் கால்சிலம்பு, பாம்புக் கோலம் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டனர்.

வெள்ளிக்கிழமைகளில் பூசையறையில் இடும் இருதய கமலம் வேறொரு நுட்பம் கொண்டது. நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் திசைக்கு ஐந்தாக நாற்பது புள்ளி வைப்பார்கள். முதல் திசையில் ஒன்றாம் புள்ளி, அடுத்த திசையில் மூன்றாவது, அதற்கடுத்ததில் ஐந்தாவது, பிறகு இரண்டாவது, நான்காவது, மீண்டும் ஒன்றாவது என்று இழை சுற்றிக்கொண்டே போகும். எட்டுக்கும் ஐந்துக்கும் பொதுக் காரணி இல்லாததால் நாற்பது புள்ளிகளையும் ஒருமுறை தொட்ட பிறகே அது தொடங்கிய இடத்துக்கு வரும். அப்போது நடுவில் தாமரை மலர்ந்திருக்கும். படத்தைப் பார்த்து வரைய முயன்றால் இது குழப்பும். ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு என்ற வாய்பாட்டை மனத்தில் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை.

ஈர மாவில் போடும் மாக்கோலத்தின் பள்ளி வேறு. பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்துக் கரைத்து, சிறு துணியை அதில் தோய்த்துக் கைக்குள் வைத்துப் பிழிய, மாவு மோதிர விரல் வழியே இறங்கும். போடும்போது நீர்போல மங்கலாகத் தெரியும். காய்ந்த பிறகுதான் வெண்மை எழும். ஆகவே போடுபவர் இன்னும் தோன்றாத கோட்டை நம்பிப் போட வேண்டியிருக்கிறது. உலர்ந்ததும் எங்கெங்கே மாவு நீர்த்தது, எங்கே கை தயங்கியது என்பதெல்லாம் வெளிச்சமாகிவிடும். சுற்றிலும் செம்மண் அல்லது காவிப் பட்டை இட்டால்தான் அது நிறைவு பெறும். திருமண மணை, ஹோம மேடை, கோயில் பிராகாரம் ஆகியவை இதன் களங்கள்.

மாக்கோலத்தில் தலையானது படிக் கோலம். புள்ளி இல்லை, இணை இணையாகச் செல்லும் இழைகள் சதுரங்களாகக் குறுக்கிட்டுப் படிப்படியாக விரியும். மங்கல நாளில் ஒற்றை இழை ஆகாது என்பது மரபு. இரட்டை இழையாகவே செல்ல வேண்டும். தேர்ந்தவர்கள் விரல்களைச் சற்று விலக்கி இரண்டு இழைகளையும் ஒரே வீச்சில் இறக்குவார்கள். இழைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் கோலம் முழுவதும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பதே இங்கு முதன்மையான அளவுகோல். நிறமும் உருவமும் துணைக்கு வராத இந்த வகைதான் கையின் கட்டுப்பாட்டை மிக நேர்மையாகக் காட்டுகிறது.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இதன் உறவுகள் உண்டு. ஆந்திர, தெலங்கானா முக்குலு தமிழ்நாட்டுப் புள்ளி மரபுக்கு மிக நெருங்கியது. வங்காளத்து ஆல்பனா அரிசி மாக்கரைசலில் விரலால் கொடியும் இலையுமாகத் தடையின்றி ஓடுவது. அவனீந்திரநாத் தாகூர் 1919இல் விரதங்களைப் பற்றி எழுதிய நூலில் அதைத் தொகுத்தார். பின்னர் சாந்திநிகேதனில் நந்தலால் போஸும் அவர் மகள் கௌரியும் அதைக் கலைப்பள்ளியின் பாடமாகவே வளர்த்தனர். வீட்டுக் கலை ஒன்றுக்கு அந்த மதிப்பு கிடைத்தது பாராட்டத்தக்கது. கோலத்துக்கு அப்படியொரு கலைப்பள்ளி இடம் இன்னும் அமையாதது பெரிய குறை. கேரளத்தின் களமெழுத்து அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைப் பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு என்ற ஐந்து வண்ணத்தில் தெய்வ உருவம் எழுப்பி, வழிபாடு முடிந்ததும் கலைத்துவிடுவது. அதை எழுதுவோர் பெரும்பாலும் மரபுவழி ஆண் கலைஞர்கள். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலன்று முற்றத்தை மெழுகி மாக்கோலமிட்டு, அதன் நடுவே அடுப்பு வைத்துப் பொங்குகிறார்கள்.

வண்ணப் பொடி நிரப்பும் ரங்கோலி மகாராஷ்டிரம், கர்நாடகம் வழியே பரவித் தமிழ் வாசல்களிலும் வேரூன்றிவிட்டது. மயிலின் தோகையில் நிறம் நிறத்தோடு கரையும்படி சலிப்பதற்கு உண்மையான தேர்ச்சி வேண்டும். ஆனால் அதைப் புள்ளிக் கோலத்தின் அளவுகோலால் அளப்பதும், புள்ளிக் கோலத்தை வண்ணப் பகட்டால் அளப்பதும் பிழை. போட்டிகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பெரிதாகவும் பல நிறத்திலும் இருப்பது பரிசை எடுத்துச் செல்ல, பக்கத்துக் கட்டத்தில் பிசகே இல்லாத ஒற்றை இழைச் சிக்குக் கோலம் கவனிக்கப்படாமல் போகிறது. வகைதோறும் தனித்தனியே பரிசு வைப்பதே முறை. சுண்ணக்கட்டியால் முன்கூட்டி வரைந்து அதன்மேல் பொடி தூவுவதைப் பழைய கைகள் கோலமாகவே ஏற்பதில்லை.

ஆண்டின் சுழற்சியும் கோலத்துக்கு வகை தருகிறது. மார்கழியில் வாசல் நிறையப் பெரிய கோலமிட்டு, நடுவே சாணப் பிள்ளையாரில் பூசணிப் பூ செருகுவர். ரதசப்தமிக்குத் தேர்க் கோலம். சில தெருக்களில் தேரின் வடம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நீளும். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூசையறை வரை மாவில் சிறு பாதச் சுவடுகள். கார்த்திகைக்கு அகல் வைக்க இடம்விட்டு விளக்குக் கோலம். துக்கம் நேர்ந்த வீட்டிலும், திதி நாளில் சடங்கு முடியும் வரையிலும் கோலம் இல்லை. ஆகவே வாசலைப் பார்த்தே அன்று அந்த வீட்டில் நடப்பதைத் தெரு அறிந்துகொள்ளும்.

கற்பது வீட்டிலேயே நடக்கிறது. சிறுமிகள் முதலில் நேர்ப்புள்ளி வைத்துப் பழகுவார்கள். பிறகு பெரியவர் போட்ட கோலத்தின் ஒரு மூலையை முடிக்கும் உரிமை கிடைக்கும். கோல நோட்டு ஒன்று தாயிடமிருந்து மகளுக்குப் போகும். திருமணமாகி வேற்றூர் செல்பவள் அந்த ஊர்க் கோலங்களையும் அதில் சேர்த்துக்கொள்வதால், ஒரே நோட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிக்கும் கொங்கு நாட்டுப் பூவும் அருகருகே இருக்கக் காணலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவுக்கு வெளியே மூன்றடி ஓடு பதித்த தரைதான் மிச்சம். துளையிட்ட கோலக்குழலும் அச்சுத் தட்டும் ஒட்டும் கோலத் தாளும் அங்கே பெருகியிருப்பது இயல்பே. நேரமில்லாதவருக்கு அவை உதவுகின்றன. ஆயினும் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மூன்றடி தாராளம், நேரமும் சில நிமிடந்தான். வழுவழுப்பான ஓட்டில் உலர்ந்த பொடி சறுக்குமென்பதால் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போடலாம். அல்லது மாக்கரைசலைக் கையாளலாம். புள்ளிகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி வைத்தால் சிக்குக் கோலத்தின் எல்லா விதிகளும் அந்தச் சிறு கட்டத்துக்குள் அப்படியே செல்லும்.