பழம்பதிப்பும் விற்பனைப் பட்டியலும்

ஏட்டுச்சுவடியை ஆராய்வோர் அதன் வழிவந்த வரலாற்றையே முதற்கண் வினவுவர். எவர் எழுதியது, எவரிடமிருந்து கிடைத்தது, எங்கெங்கே சிதைந்துள்ளது என்பன தெளிந்த பின்னரே பாடத்தை மதிப்பிடுவர். அச்சுநூலைப் பொறுத்தவரை இவ்வெச்சரிக்கை நம்மிடையே தளர்ந்துவிட்டது. அச்சேறிய நூலின் படிகள் யாவும் ஒன்றே என்னும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். இணைய வழிப் பழநூல் வாணிகம் பெருகியுள்ள இந்நாளில் அத்தளர்ச்சி ஆராய்ச்சிக்கே ஊறு விளைவிக்கின்றது என்பதனை ஈண்டுக் காட்ட முயல்கின்றோம்.

யாம் வாழும் பள்ளிபாளையம் காவிரியின் இடக்கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்தது. விசைத்தறிகளாலும், 1960இல் நிறுவப்பெற்ற சேஷசாயி காகித ஆலையாலும் அறியப்படுவது. காகிதம் பிறக்கும் ஊராயினும் பழம்பதிப்பு வாணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊரன்று. முன்னாளில் இத்தகைய ஊர்களிலிருந்து பழநூல் தேடிச் சென்றோர் பலர்க்குச் சென்னை மூர் மார்க்கெட்டே புகலிடமாயிருந்தது. அங்கே நூலைக் கையிலெடுத்துப் புரட்டி, முகப்பேட்டைக் கண்டு, விலை பேசி வாங்கினர். அவ்வங்காடி 1985இல் தீக்கிரையாயிற்று. இன்றோ இலண்டனிலுள்ள வணிகரின் பட்டியலையும் நம் வீட்டிலிருந்தே காண இயல்கின்றது. இது பெரும்பேறே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் கையில் நூலில்லாத இடத்தில் பட்டியலின் சொல்லே நூலாகிவிடுகின்றது. ஆகவே அச்சொல்லையும் ஆராய்தல் நம் கடன்.

எமக்கு நேர்ந்ததொன்றை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். சங்கநூல் ஒன்றன் முதற்பதிப்பு எனப் பட்டியலிற் கண்டு, விலை மிகுதியையும் பொருட்படுத்தாது ஒரு படியை வரவழைத்தோம். வந்ததோ பிற்காலப் பதிப்பொன்றன் ஒளிப்பட மறுஅச்சு. முகப்பேடு விடுபட்டிருந்தது. முதற்பதிப்பின் முகவுரையும் அதன் இறுதியிலுள்ள ஆண்டும் மட்டும் எஞ்சியிருந்தன. அவ்வாண்டையே வணிகர் நூலின் ஆண்டாகக் கொண்டுவிட்டார். பின்வரும் பதிப்புகளிற் பழைய முகவுரையையும் சேர்த்து அச்சிடுதல் நம் பதிப்பாசிரியர் பலரின் வழக்கமாதலின் இப்பிழை எளிதில் நேர்வதே. வஞ்சனை இல்லாத இடத்தும் பிழை நேரும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இதனால் விளையும் கேடு பணவிழப்பு மட்டுமன்று. உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894, 1923, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நாற்பத்தோராண்டு சென்றது. 1935இன் படியை 1894இனதாகக் கருதி ஒரு மாணவர் ஒரு பாடத்தையோ குறிப்பையோ எடுத்தாள்வாராயின், பதிப்பாசிரியர் பின்னர் உழைத்துக் கண்டதனை முன்னரே கண்டதாக வரலாறு மாறிவிடும். இடையே பிறர் கண்டுரைத்த கருத்துகளின் முதன்மையும் மறைந்துபோம். பாடத்தின் வரலாற்றில் நேரும் இப்பிழை ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டிற்குச் சென்று நிலைபெறும்.

பட்டியலை ஆராய்வார் கருத்திற் கொள்ளத்தக்கன நான்கு.

முதலாவது, ஆண்டு. பழைய நூல்கள் பலவற்றில் அறுபதாண்டு வட்டப் பெயரே காணப்படும். ‘ஜய’ என்பது 1894ஐயும் குறிக்கும், 1954ஐயும் குறிக்கும். திருவள்ளுவராண்டு 1985 என்றிருப்பின் அது கிறித்துவ ஆண்டு 1954 ஆகும். இவற்றை அறியாத அயல்நாட்டு வணிகர் தம் பட்டியலில் இடும் ஆண்டு ஊகமேயன்றிச் சான்றன்று.

இரண்டாவது, பதிப்பு என்னும் சொல். திருத்தமும் விரிவும் பெற்று வருவதையும், மாற்றமின்றி மீண்டும் அச்சிடப்பெறுவதையும் நம் வெளியீட்டாளர் ஒருங்கே பதிப்பு என்கின்றனர். எண்ணிக்கையை நோக்கி ஏமாறாது, எப்பதிப்பில் திருத்தம் நிகழ்ந்தது என வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, நூலெண். ஐ.எஸ்.பி.என். என்னும் தர எண் 1970இல் அனைத்துலக வழக்குக்கு வந்தது. பதின்மூன்று இலக்க வடிவம் 2007இல் நடைமுறையாயிற்று. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கோ, 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிக்கோ அவ்வெண் இருத்தல் இயலாது. பழைய ஆண்டும் அவ்வெண்ணும் ஒருங்கே காணப்படின், விற்கப்படுவது மறுஅச்சு என ஐயுறுக.

நான்காவது, நிறைவு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளேயன்றி இணைப்புத் தொகுதியொன்றும் உடையது. ஆறு தொகுதி கண்டு முழுமை எனக் கொள்வார் ஏழாவதை இழப்பர்.

வாசிப்புக்கு மறுஅச்சே போதாதோ என வினவலாம். போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திற் பழநூல்கள் பல விலையின்றியே கிடைக்கின்றன. வாசிப்பார்க்கு நூல் வேண்டும். ஆராய்வார்க்குப் பதிப்பு வேண்டும். இரண்டன் தேவையும் வேறு. அம்மின்படிகளும் இங்குத் துணைசெய்யும்: முகப்பேட்டின் முன்பின் பக்கங்களின் ஒளிப்படத்தை வணிகரிடம் கேட்டுப் பெற்று, மின்படியோடு ஒப்பிட்ட பின்னரே விலை கொடுத்தல் நலம்.

பட்டியல் குறைகூறும் சில, ஆராய்வார்க்குச் செல்வமாதலும் உண்டு. முன்னுடையாரின் கையெழுத்தையும் ஓரக்குறிப்பையும் வணிகர் கறை என்பர். மறைந்த ஆசிரியர் ஒருவர் தம் நூலின் ஓரத்திற் குறித்த ஐயம், அச்சேறாத ஆராய்ச்சியாக இருத்தல் கூடும். அவர்தம் நூற்றொகை தனித்தனியாக விலைபோகுங்கால் அக்குறிப்புகளின் தொடர்பு அறுபடுகின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பு, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் ஒருசேர வாங்கப்பெற்று, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. தொகுப்பு சிதறாது நின்றமையால் அதன் பயன் பன்மடங்காயிற்று. நூல்களின் விலையினும் அவற்றின் கூட்டுறவே பெரிது என்பதற்கு இதுவே சான்று.

எனவே, தமிழ்த்துறைகள் ஆய்வேடுகளில் நூற்பெயரோடு பதிப்பையும், கையாண்டது மூலப்படியோ மறுஅச்சோ மின்படியோ என்பதனையும் குறிக்குமாறு மாணவரைப் பயிற்றுதல் வேண்டும். வணிகரின் பிழையைத் திருத்துதல் நம் கையில் இல்லை; அப்பிழை நம் ஆராய்ச்சிக்குள் நுழையாது காத்தல் நம் கையிலேயே உள்ளது.