ஜேஇஇ மெயின் மாதிரித் தேர்வுத் திரை: பழகினால் மதிப்பெண், பழகாவிட்டால் இழப்பு

தேசியத் தேர்வு முகமை தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் ஜேஇஇ மெயின் மாதிரித் தேர்வை மாணவர்கள் பலரும் இன்னொரு கேள்வித்தாளாகவே பார்க்கிறார்கள். கேள்விகள் எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்கும். தேர்வுக்கூடத்தில் எதிர்கொள்ளப்போகும் திரையைப் பழகிப் பார்க்கும் வாய்ப்புதான் இதன் தனிச்சிறப்பு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் தலா 25 என 75 கேள்விகள், 180 நிமிடங்கள். கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 விநாடி. பாடத்துக்கு இவ்வளவு என்று நேரம் பிரிக்கப்படவில்லை. ஆகவே எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவை மாணவர்தான் எடுக்க வேண்டும். அந்த முடிவுக்குத் திரை எந்த அளவு துணைநிற்கிறது என்பதே இங்கு அளவுகோல்.

அந்த வகையில் வலப்பக்கத்துக் கேள்வி எண் பலகை நன்றாக வேலை செய்கிறது. பார்க்காத கேள்வி சாம்பல், பார்த்தும் விடையளிக்காதது சிவப்பு, விடையளித்தது பச்சை, மறுபார்வைக்குக் குறித்தது ஊதா. முதல் சுற்றில் உடனே விடை தெரிபவற்றை முடித்து, வழி தெரிந்தும் கணக்கு நீள்பவற்றை ஊதாவாக்கி, வழியே தெரியாதவற்றைச் சிவப்பாக விட்டு நகர்ந்தால், இரண்டாம் சுற்றுக்கான வரிசை தானாகவே கண்முன் நிற்கும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் பலகையில் வேறு எண்ணுக்குத் தாவினால், அந்த விடை பதிவாகாது. ஊதாவிலும் இரண்டு வகை உண்டு: பச்சைக் குறியோடு இருப்பது மதிப்பீட்டுக்குச் செல்லும், வெறும் ஊதா செல்லாது. விதிமுறைப் பக்கத்தில் இவை எழுதப்பட்டிருந்தாலும், பதற்றத்தில் கைகொடுப்பது பழக்கம்தான்.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால் சராசரி ஆதாயம் கால் மதிப்பெண். இரண்டை நியாயமாக ஒதுக்கிவிட்டு மீதியில் ஒன்றைத் தேர்ந்தால் அது ஒன்றரை ஆகிறது. எண்ணாக விடையை உள்ளிடும் கேள்விகளில் ஒதுக்குவதற்கு விருப்பமே இல்லை; அங்கே ஊகம் பெரும்பாலும் ஒரு மதிப்பெண்ணைப் பறிகொடுப்பதில்தான் முடியும். ஆகவே இரண்டாம் சுற்றில் ஊதாக்களை முடித்தபின், சிவப்பில் சில விருப்பங்களையாவது ஒதுக்க முடிந்தவற்றை முதலில் எடுப்பதே கணக்குப்படி சரி.

பாடம் தெரிந்தவருக்குப் பொத்தான் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். பாடம் தெரியாதவரைத் திரை காப்பாற்றாது, உண்மை. ஆனால் தெரிந்த விடை பதிவாகாமல் போனால் அந்த அறிவுக்கு மதிப்பெண் கிடைக்காது; நன்றாகப் படித்தவருக்குத்தான் அந்த இழப்பு அதிகம். தள்ளிவைக்கும் பழக்கம் சோம்பலாக மாறாதா என்பது இன்னொரு கேள்வி. எல்லாவற்றையும் ஊதாவாக்கினால் மாறும். வழி தெரிந்தவை மட்டுமே ஊதா என்ற கட்டுப்பாடு அதற்கு மருந்து.

குறைகளும் உண்டு. ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள் தந்தது மோசமான வடிவமைப்பு. சேமிக்காத விடையை விட்டுத் தாவும்போது திரையே எச்சரித்திருக்க வேண்டும். கடிகாரம் மொத்த நேரத்தை மட்டுமே காட்டுவதால், பாடங்களுக்கான இடைக்கெடுவை மாணவரே மனதில் வகுத்துக்கொள்ள வேண்டும். இருந்தும் தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய கருவி இது. கைபேசியில் வேண்டாம், சுட்டி இணைத்த கணினியில், பக்கத்தில் வெற்றுத்தாளோடு, மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காகப் பள்ளிகள் தங்கள் கணினி ஆய்வகங்களைத் திறந்துவிட வேண்டும்.