மெட்சாரோ: ஜெனோவா நகரின் அச்சுத்துணியும் சோழமண்டலக் கரையும்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ள ஜெனோவா, இடைக்காலம் தொட்டுக் கடல் வாணிகத்தால் செழித்த துறைமுக நகரமாகும். அதன் கலைச்செல்வத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற ரோல்லி மாளிகைகளையும், அந்நகரம் போற்றிக்காக்கும் ரூபன்ஸ், வான் டைக் ஓவியங்களையும் பேசி அமைவர். கைவினைகளுக்கு வரும்போது காம்போ லிகுரே என்னும் அண்டைச் சிற்றூரின் வெள்ளிக்கம்பி வேலைப்பாடும், ஜெனோவாவின் பட்டு வெல்வெட்டும் இடம்பெறும். ‘ஜீன்ஸ்’ என்னும் சொல்லே இந்நகரின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது என்பதும் தவறாது சொல்லப்படும். அவற்றையெல்லாம் ஈண்டு விடுத்து, ‘மெட்சாரோ’ என்னும் பருத்தி அச்சுத்துணி ஒன்றையே நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். சோழமண்டலக் கரையோடு அதற்குள்ள உறவு இதற்கு ஒரு காரணம். அவ்வுறவு பேசப்படும் முறை நமக்கு உடன்பாடாக இல்லாமை மற்றொரு காரணம்.

மெட்சாரோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும் அதனையொத்த அகலமும் கொண்டது. ஜெனோவாப் பெண்கள் இதனைத் தலைமீது இட்டு, தோள்வழியே உடல் முழுதும் படியுமாறு போர்த்தினர். மூடுதல் என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லின் வழிவந்தது இப்பெயர் என்பர். துணியின் நடுவே ஒரு மேட்டிலிருந்து பெருமரம் ஒன்று வளைந்தெழும். ஒரே மரத்தில் பல இனப் பூக்கள் மலர்ந்திருக்கும். கிளைகளில் பறவைகள் அமர்ந்திருக்கும். நாற்புறமும் பூக்கரை சூழ்ந்திருக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய, ஐரோப்பிய வணிகர் ‘பாலம்போர்’ என வழங்கிய படுக்கை விரிப்புகளின் அமைப்பே இது என்பதில் ஐயமில்லை.

இவ்வொற்றுமையை விளக்க ‘இந்தியத் தாக்கம்’ என்னும் தொடர் எளிதாகக் கையாளப்படுகிறது. நம்மவருள் சிலர் இதனையே மாற்றி, நம் கலை ஐரோப்பாவை வென்றது எனப் பெருமிதம் கொள்ளுதலும் உண்டு. இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பதே நம் கருத்து. பூமரத்தின் வரலாறு அவ்வளவு நேரானதன்று. ஜான் இர்வின், கேத்தரின் பிரெட் ஆகியோர் 1970இல் வெளியிட்ட ஆய்வு, அம்மரத்தில் பாரசீகக் கூறும் சீனக் கூறும் ஐரோப்பியக் கூறும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டியது. 1660களிலேயே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இலண்டனிலிருந்து மாதிரி வரைவுகளை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. வாங்குவோர் விருப்பமறிந்து வரைதல் அக்கரைக்குப் புதிதும் அன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காச் சந்தையில் சோழமண்டல வணிகர் துணி விற்றதைத் தோமே பிரெஸ் பதிவுசெய்துள்ளார். மலாய்த் தீவுகளுக்குச் சென்ற துணியின் கோலம் வேறு, ஐரோப்பாவுக்குச் சென்றதன் கோலம் வேறு. எனவே ஜெனோவா பார்த்துச் செய்தது, முன்னரே ஐரோப்பியர் கண்ணுக்கென வரையப்பட்ட ஒரு மரத்தை.

மரத்தின் பிறப்பிடத்தைத் தேடுவதைவிட, அது எவ்வாறு துணியில் ஏறியது என்று பார்ப்பது பயன் தரும். சோழமண்டல முறையில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, அடுத்து இடும் கரைசல் பரவாமல் தடுக்கும். பின்னர் மூங்கில் எழுதுகோலால், கருங்கோடு வேண்டுமிடத்தில் இரும்புக் கரைசலையும் சிவப்பு வேண்டுமிடத்தில் படிகாரக் கரைசலையும் எழுதுவர். கோலில் சுற்றிய பந்து கரைசலைத் தேக்கிவைத்து, விரலின் அழுத்தத்திற்கேற்ப இறக்கும். சாயவேர் இட்ட நீரில் துணி கொதிக்கும்போதுதான் செந்நிறம் தோன்றும். அதுவரை வரைந்தவர் தம் ஓவியத்தின் உண்மை நிறத்தைக் காண்பதில்லை. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துதல் அதன்பின். கை அழுந்திய இடத்தில் கோடு தடித்து, கை எழும்பிய இடத்தில் மெலியும். பாலம்போரின் உயிர் அக்கோட்டில் உள்ளது.

ஜெனோவாவில் எழுதுகோல் இல்லை. செதுக்கிய மரக்கட்டைகளால், ஒரு துணிக்குப் பல பத்துக் கட்டைகள் வீதம், பகுதி பகுதியாக அச்சிட்டனர். கட்டையின் கோடு தடிப்பு மாறாதது. இலை இலையாகப் பிரிந்து நிற்பது. கோட்டின் நுட்பத்தில் மெட்சாரோ பாலம்போருக்கு ஈடாகாது என்று நாம் தயங்காமல் கூறலாம். ஆயினும் அது வெறும் நகலாக நின்றுவிடவில்லை. குரங்கால் ‘மக்காகோ’ எனப் பெயர்பெற்ற வடிவத்தைப் போல, விலங்குகளும் மனித உருக்களும் மரத்தடியில் இடம்பிடித்துக் கதை சொல்லத் தொடங்குகின்றன. மேலும், படுக்கையில் விரிந்துகிடந்த மரம் இங்கே நடமாடும் உடலில் மடிந்து, தோளில் ஒரு கிளையும் முழங்காலருகே ஒரு பறவையுமாகத் துண்டுபட்டே காட்சியளித்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னே தட்டையாக மாட்டப்பட்ட துணி இதனை நமக்குக் காட்டுவதில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெனோவாவை அடுத்த கோர்னில்யானோவில் அச்சுப்பட்டறை நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் கிளாருஸைச் சேர்ந்த மிக்கேலே ஸ்பைக் என அறிகிறோம். (எஃகாலையால் பெயர்பெற்ற அப்புறநகரில் இன்று துணியை நினைப்பார் அரியர்.) புதுச்சேரியில் சாயமுறையை 1734 அளவில் படிப்படியாகத் துணித்துண்டுகளோடு பதிவுசெய்தவர் பொல்யோ என்பதும், 1742இல் அதனை மடலாக எழுதியவர் கேர்தூ பாதிரியார் என்பதும் தெரியும். கேர்தூவுக்கு அத்தொழிலைச் சொல்லிக்கொடுத்த, கிறித்துவம் தழுவிய சாயத் தொழிலாளரின் பெயர்களை அவர் மடல் தரவில்லை. இத்தாலியர் அச்சுப் பருத்தித் துணிகளை ‘இந்தியானே’ என்றே அழைத்தனர். நாட்டின் பெயர் சரக்கின் பெயராகியது. எழுதிய கைகளின் பெயர் எங்கும் ஏறவில்லை. மாணவர்க்கு இத்துணியை அறிமுகம் செய்யும் ஆசிரியர், ‘இந்தியத் தாக்கம்’ என்று எழுதிப்போடும் முன், கடுக்காய் நீரையும் எருமைப்பாலையும் மூங்கில் கோலையும் ஒருமுறை விளக்கிவிடலாம்.