அந்த ஒரு நாள் யார் கணக்கில்?

பெண்களுக்கான உடல்நலக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே பெண்தான் வருகிறாள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுத் தன்னை மறந்துவிடுகிறவள். அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, தினமும் உங்களுக்கென்று அரைமணி நேரம் ஒதுக்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்யுங்கள் என்று முடிப்பார்கள். அக்கறையோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் நேரம் அவள் கையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இதே குறிப்பை ஆம்பூரில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் பகுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் சமையல், பிறகு கம்பெனி வண்டி, அங்கே மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு. கழிப்பறைக்கு எழுந்துபோனால் வேலை தேங்கிவிடும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் போனால் அவர் சொல்லும் முதல் வார்த்தை, நிறையத் தண்ணீர் குடிம்மா.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்தம், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்த விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. ஆக, படுத்துவிட்டவளுக்கு உதவுகிற சட்டம், படுக்காமல் இருப்பதற்காக மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டிவரப் போகிறவளுக்கு அன்றைய கூலியைத் தருவதில்லை. சட்டப்படி 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு உண்டுதான். அது பிள்ளையின் காய்ச்சலுக்கும் மாமியாரின் கண் ஆபரேஷனுக்கும் போய்விடும். கணவருடைய விடுப்பை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இவர்களாவது சட்டத்தின் கண்ணில் தொழிலாளிகள். ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று சில ரூபாய் கூலி, இ.எஸ்.ஐ. இல்லை. குனிந்த கழுத்தும் ஊசி குத்திய விரலும் அவர்களுக்கும் வலிக்கும். ‘அவ வீட்லதானே இருக்கா’ என்பார்கள் வீட்டில்.

வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை இந்தத் தீர்ப்புக்கு நேர் எதிராக இருக்கிறது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்ல. மருத்துவரான அவர் அப்பாவை அனுப்பலாம் என்றால் ஆண் என்று மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடாவின் அர்ப்பணிப்புக்கு முன்னுரையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கோ அந்த மூன்று பெண்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். உடம்பை அலட்சியம் செய்தா செத்தார்கள்? அனுமதி அவர்களிடம் இல்லை. ஐடாவும் அவர்களைப் போன்றவர்களுக்கு அறிவுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. படித்து மருத்துவராகித் திரும்பிவந்து, 1918இல் பெண்களுக்கென்றே வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வாசலுக்கே ஆளை அனுப்பியது. நல்ல திட்டம். ஆனால் பகலில் வாசலில் யார் இருப்பார்கள்? 2024இல் அது பணியிடங்களுக்கும் வந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுகிற அந்தப் பத்து நிமிடத்தை, சூப்பர்வைசர் அன்றைய ஜோடிக் கணக்கிலிருந்து கழிப்பாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.