ஒரு மரம், நாலு அறுவடை

மாமரம் என்றாலே பலருக்கும் வைகாசி மாதம்தான் ஞாபகம் வரும். பழம் பழுக்கும், அக்கம்பக்கம் கொடுத்தது போக மிச்சத்தைத் தின்று தீர்ப்போம், அதோடு சரி. மரமோ தை மாதமே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிஞ்சு, இளங்காய், முற்றின காய், பழம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் நம் சமையலறையில் ஒரு பண்டம் உண்டு. எதை எப்போது பறிப்பது, எப்படிப் போட்டு வைப்பது, வாயில் வைக்கும்போது எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் கொல்லையில் நிற்கும் ஒரே மரம் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குத் துணை வரும்.

முதலில் பூவைப் பாருங்கள்

தை, மாசியில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு பூங்கொத்திலேயே நூற்றுக்கணக்கில் பூ. சில ரகங்களில் ஆயிரத்தையும் தாண்டும். அவற்றில் பெரும்பாலும் ஆண் பூக்கள். காய் பிடிக்கக்கூடிய பூக்களிலும் ஈயும் தேனீயும் வந்து மகரந்தம் சேர்த்த பிறகு நிலைப்பவை கொஞ்சம்தான். பட்டாணி அளவில் சில உதிரும், கோலிக்குண்டு அளவில் சில உதிரும். கடைசியில் கொத்துக்கு ஒன்றோ இரண்டோ பழமானால் அதுவே நல்ல விளைச்சல். எப்படியும் உதிரப் போகிற பிஞ்சுகளில் ஒரு பங்கை முந்திக்கொண்டு பறிக்கிறோம், அதுதான் மாவடு. ஆகவே பழம் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம்.

பூக்கும் சமயத்தில் மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மண் காய்ந்தால்தான் மரம் பூக்கும். பாசத்தில் தண்ணீர் ஊற்றினால் பூவுக்குப் பதில் தளிர் விடும். பிஞ்சு பிடித்த பிறகு தாராளமாக ஊற்றலாம்.

பிஞ்சு: மாவடு

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் வடு கிடைக்கும். அழகர்கோவில், நத்தம் பக்கத்து வடுவுக்குத் தனிப்பேர் உண்டு. உருண்டை வடு, கிளிமூக்கு வடு என்று இரண்டு வடிவம். எதுவானாலும் புளிப்பேறிய நாட்டு மரத்துக் காய்தான் விசேஷம். காம்பைக் கிள்ளினால் பால் கசிய வேண்டும். குறுக்கே வெட்டினால் கத்தி எங்கும் தட்டாமல் இறங்க வேண்டும். தட்டினால் கொட்டை கட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கீழே விழுந்து அடிபட்ட வடுவைச் சேர்க்கக் கூடாது. அப்படி ஒன்று போதும், ஜாடி முழுவதும் கெட.

எட்டுப் பங்கு வடுவுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, விளக்கெண்ணெய் தடவிப் பிசறி, உப்பும் மஞ்சள்பொடியும் போட்டு ஜாடியில் வையுங்கள். இனிமேல்தான் வேடிக்கை. முதல் நாள் உப்பு அப்படியே கல்லாகக் கிடக்கும். மறுநாள் ஜாடியைக் குலுக்கினால் அடியில் சளசளவென்று சத்தம் கேட்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் நாம் விடவில்லை. காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. நாலைந்து நாளில் தோல் சுருங்கி, பச்சை மங்கி, வடு தன் நீரிலேயே மூழ்கியிருக்கும். அந்த நீரில் கொஞ்சம் எடுத்து மிளகாய் வற்றலையும் கடுகையும் அரைத்துக் கலந்து விடுங்கள். கடுகின் நெடி மணத்துக்கு மட்டுமில்லை, கெடாமல் காப்பதற்கும்தான்.

இரண்டு மூன்று வாரம் ஊறிய பிறகு தயிர்சாதத்தோடு காம்பைப் பிடித்துக் கடித்துப் பாருங்கள். முதலில் நறுக்கென்ற சத்தம், பிறகு உப்பு, அடுத்துப் புளிப்பு, கடைசியில் மூக்குக்கு ஏறும் கடுகு. இந்த வரிசை மாறாமல் வந்தால் அது நல்ல மாவடு. கொழகொழத்தால் உப்பு போதவில்லை, அல்லது ஈரக்கை பட்டிருக்கிறது. வடு தீர்ந்ததும் ஜாடித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பச்சைச் சுண்டைக்காயை அதில் போட்டால் அதுவும் ஊறும்.

இளங்காய்: வற்றல்

காற்றில் விழுகிற காய், ஒரு பக்கம் அடிபட்ட காய் எல்லாவற்றுக்கும் வற்றல்தான் வழி. அடிபட்ட இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் கலந்து ஒரு இரவு வையுங்கள். காலையில் பிழிந்து வெயிலில் உலர்த்தி, மாலையில் அதே உப்புநீரில் திரும்பப் போடுங்கள். நீர் முழுவதையும் துண்டுகள் குடித்து முடிக்கும் வரை இதேதான். பிறகு வளைத்தால் ஒடிகிற பதம் வரும்வரை காய்ச்சல். ஐப்பசி மழையில் காய்கறி விலை ஏறும்போது கத்தரிக்காயோடு குழம்பில் நாலு துண்டு போட்டுப் பாருங்கள். வற்றல் ஊறி, குழம்பின் காரத்தை வாங்கி, பதிலுக்குப் புளிப்பைக் கொடுத்திருக்கும். புளியைக் குறைத்துக் கரைக்க மறக்காதீர்கள்.

முற்றின காய்: ஆவக்காய்

ஆந்திரத்திலிருந்து வந்து நம் வீட்டிலும் நிலைத்துவிட்ட ஊறுகாய் இது. வடுவில் கொட்டை இருக்கக் கூடாது. இதில் ஓடு இருந்தே ஆக வேண்டும். ஓட்டோடு வெட்டினால்தான் துண்டு மாதக்கணக்கில் கரையாமல் நிற்கும். கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு மூன்றும், மேலே மிதக்கும்படி நல்லெண்ணெயும். புதிதில் காரம் மட்டும் தெரியும். மாதம் ஆக ஆகக் காய்ச் சாறும் எண்ணெயும் கலந்து கெட்டிப்படும். அந்த விழுதைச் சுடுசோற்றில் பிசைவதுதான் ஆவக்காயின் உச்சம்.

பழம்

காம்புக்கு இரு பக்கமும் தோள் உயர்ந்து, காம்பு குழியில் அமர்ந்திருந்தால் காய் விளைந்துவிட்டது. தண்ணீரில் போட்டால் மூழ்கும். அணில் கடித்த பழம் ஒன்றிரண்டு கீழே கிடந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வலை கட்டிய தொரட்டியால் காம்போடு பறித்து, காம்பை ஒடித்துக் கவிழ்த்து வையுங்கள். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் வழிந்தால் பழம் கறுக்கும், கையில் பட்டால் புண்ணாகும். வைக்கோலில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் பழுக்கும். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

மிஞ்சிய பழத்தைச் சாறெடுத்து, வெல்லமோ சர்க்கரையோ கலந்து, நெய் தடவிய தட்டில் மெல்லப் பரப்பி வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படலம். கோதாவரிப் பக்கம் பாய் பாயாக இப்படிக் காய வைப்பார்கள். மாமிடி தாண்ட்ரா என்று பெயர். தித்திப்பு மட்டும் உள்ள பழத்தில் இது சப்பென்று இருக்கும். புளிப்பு கலந்த நாட்டுப் பழத்தில்தான் ருசி.

கன்று வைப்பவர்களுக்கு

இடம் இருந்தால் மழைக்காலத்தில் ஒட்டுக்கன்று நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். முதல் மூன்று வருஷம் பூத்தாலும் பூவை எடுத்துவிட்டால் மரம் திடமாகும். ஒரு வருஷம் கொட்டிக் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுப்பது பல ரகங்களுக்குச் சுபாவம், அதற்காக மரத்தைக் கோபிக்காதீர்கள்.

இடம் இல்லாதவர்கள் வருகிற பங்குனியில் சந்தையில் ஒரு கிலோ வடு வாங்கி ஆரம்பியுங்கள். ஒரு ஜாடி, கல்லுப்பு, உலர்ந்த கரண்டி, கொஞ்சம் பொறுமை போதும்.