நகையும் உறுப்பறையும்: அங்கம் வெட்டின படலமும் ஒரு வீடியோ வாள்விளையாட்டும்

1. ஆய்வுப் பொருள்

வாளால் ஒருவன் மற்றொருவன் உடலை அறுத்தலும், அதனைக் காண்போர் வாய்விட்டு நகுதலும் ஒரே கலைப்படைப்பில் ஒருங்கு நிற்றல் கூடுமோ? கூடுமெனின், அந்நகை எவர்மேற் செல்வது? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாக்கள் இன்று எழுதற்குக் காரணம் உண்டு. மதுரை நகரிலும், வையை பாயும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களிலும் கல்லூரி மாணாக்கர் பலர் கைபேசியிலும் கணினியிலும் வீடியோ விளையாட்டுகளை ஆடி வருகின்றனர். அவற்றுட் பல வாளும் குருதியும் நிறைந்தவை. சில அவற்றோடு நகைச்சுவையும் கலந்தவை. 'கொலை பயிற்றும் ஆட்டம்' என ஒரு சொல்லால் அவற்றை விலக்குவார் உளர். 'வெறும் விளையாட்டுத்தானே' என ஒரு சொல்லால் அவற்றைக் காப்பாரும் உளர். இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. அதிலும், 'வெறும் விளையாட்டு' என்னும் சொல் மதுரையில் எளிதாகச் செல்லாது. இந்நகர் இறைவன் செயல்கள் 64-ஐயும் நம் முன்னோர் 'திருவிளையாடல்' என்றே வழங்கினர். அவற்றுள் ஒன்று வாட்போர். ஒருவனை உறுப்புறுப்பாக வெட்டி வீழ்த்தும் போர். விளையாட்டென்னும் பெயர் ஒரு செயலை எளியதாக்கிவிடாது என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின், பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 27ஆம் படலமாகிய அங்கம் வெட்டின படலத்தையும், 2007ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'நோ மோர் ஹீரோஸ்' என்னும் வீடியோ விளையாட்டையும் அருகருகே வைத்து, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை அளவுகோலாகக் கொண்டு நோக்குவாம். சமயப் பெருநூலும் பொழுதுபோக்கும் ஒரு நிரையில் வைத்தற்குரியனவோ எனின், தகுதி ஒன்றாதல் பற்றி அன்று, சிக்கல் ஒன்றாதல் பற்றியே அவை ஈண்டு ஒருங்கு வைக்கப்பெறுகின்றன என்க.

2. மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையும் ஒன்று, வெகுளியும் ஒன்று. ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய களங்களை நந்நான்காக அவர் வகுத்தார். நகையின் களங்களுள் எள்ளலும் பேதைமையும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. எள்ளல் பிறரை இகழ்ந்து நகுவது மட்டுமன்று. பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுவதும் எள்ளலே ஆம். எனவே நகை செல்லுந் திசை இரண்டாதல் பெறப்படும்.

வெகுளியின் களங்களுள் முதற்கண் நிற்பது உறுப்பறை. கை கால் முதலிய உறுப்புகளை அறுத்தல் என்பது அதன் பொருள். இங்கு ஒன்று உன்னத்தக்கது. உறுப்பறுத்தலை வெட்டுவோனது வீரத்திற்குரிய களமாகத் தொல்காப்பியர் வைத்திலர். வீரம் 'தறுகண்' என்னும் பெயரால் பெருமிதத்தின்பாற் பட்டது. உறுப்பறையோ சினத்தின் பிறப்பிடமாக வைக்கப்பட்டது. அறுபட்ட உறுப்பைக் காணும் மனித நெஞ்சம் இயல்பாகக் கொதித்தல் வேண்டும் என்பதே இப்பகுப்பின் உட்கிடை. அந்நெஞ்சம் கொதியாது நகுமாயின், நகை மிகுந்தது என்பதைவிட வெகுளி மரத்துப்போயிற்று என்பதே பொருந்தும்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, 'இப்படைப்பில் குருதி எவ்வளவு?' என்பதன்று, 'இதில் நகை யார்மேற் செல்கிறது?' என்பதே.

3. அங்கம் வெட்டின படலம்

குலோத்துங்க பாண்டியன் ஆட்சியில் நிகழ்ந்ததாகப் புராணம் கூறும் கதை யாவரும் அறிந்தது. மதுரையில் முதியவர் ஒருவர் வாட்படை பயிற்றி வாழ்ந்தார். அவரிடம் பயின்ற சித்தன் என்பவன் தானும் ஒரு பயிற்சிக்கூடம் அமைத்து, ஆசிரியர்க்கே மாறானான். பின்னர், ஆசிரியர் இல்லாத வேளையில் அவர் மனைவி மாணிக்கமாலையை அணுகித் தகாதன கூறிக் கையைப் பற்றினான். அவள் தப்பிக் கதவடைத்துச் சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட்டாள். இறைவன் முதிய ஆசிரியர் வடிவிற் சென்று சித்தனைப் போருக்கழைத்து, குற்றம் புரிந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக அறுத்து, இறுதியில் தலையையும் கொய்து மறைந்தருளினான்.

இப்படலத்தின் வன்மை ஒரு முறைப்பட்டது. நினைத்த நெஞ்சு, பேசிய நா, தொட்ட கை, நோக்கிய கண் எனக் குற்றத்திற்கும் உறுப்பிற்கும் நேர்பொருத்தம் உண்டு. வெட்டுமுன் இன்ன உறுப்பைக் காத்துக்கொள் என்னும் அறிவிப்பும் உண்டு. வெட்டப்படும் உறுப்பு ஒவ்வொன்றும் தான் செய்த வினையின் பெயரைத் தாங்கியே வீழ்கிறது. ஆதலின் இவ்விடத்து நகைக்குச் சிறிதும் இடமில்லை. மாணிக்கமாலையின்பால் நிகழ்ந்த கொடுமையை எண்ணி எழுந்த வெகுளியே தொடர்ந்து நிற்கிறது.

எனினும் இப்படலத்தில் நகை இல்லாமலில்லை. அது போருக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. முன்னர், இளைஞனாகிய சித்தனை முதியவரொருவர் வலிய அழைத்துப் போருக்கு நிறுத்துகின்றார். எதிர்நிற்பவன் எவன் என அறியாத சித்தனது பேதைமை, அறிந்த நமக்கு நகை தருகிறது. பின்னர், களத்திலிருந்து மறைந்த ஆசிரியரைத் தேடி மாணாக்கர் இல்லத்திற்கு வருகின்றனர். அவரோ கோயிலுக்குச் சென்று மீள்கின்றார். தாம் ஆற்றிய போரைப் பிறர் வாயாற் கேட்டு வியக்கின்றார். செய்யாத வீரச்செயலுக்கு யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச்செய்யும் அரச சிறப்பையும் பெறுகின்றார். வாளேந்தாத கைக்கு வந்த வாட்புகழ் இது! இம்மெல்லிய நகை வாள்பிடித்தவராகக் கருதப்படும் முதியவர்மேற் செல்கிறதேயன்றி, வெட்டுண்டு கிடக்கும் சித்தனுடல்மேற் செல்லவில்லை.

4. 'நோ மோர் ஹீரோஸ்'

இனி அவ்வீடியோ விளையாட்டை நோக்குவாம். அதனை இயக்கியவர் சூடா கோய்ச்சி. ஆக்கியது கிராஸ்ஹாப்பர் மானுஃபாக்சர் என்னும் ஜப்பானிய நிறுவனம். வட அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது வெளியிடப்பட்டது. கதைத்தலைவன் ட்ராவிஸ் டச்டவுன். அவன் சாண்டா டெஸ்ட்ராய் என்னும் கற்பனை ஊரில் மலிவான விடுதியறையொன்றில் வாழ்பவன். மின்கலத்தால் இயங்கும் ஒளிவாள் ஒன்றை இணையவழி ஏலத்தில் எடுத்தவன். கொலைஞர் சங்கமொன்றின் தரவரிசையில் 11ஆம் இடத்திலிருந்து முதலிடத்திற்கு ஏறுதலே அவன் குறிக்கோள். அவ்வரிசையில் தனக்கு மேலுள்ளாரை ஒவ்வொருவராக வாளால் வெல்லுதல் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு போருக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அதனை ஈட்ட அவ்வீரன் தேங்காய் பொறுக்குகிறான், புல் வெட்டுகிறான், தெருக்குப்பை அள்ளுகிறான். ஒளிவாளின் மின்னாற்றல் போரின் நடுவே குறைந்துவிடும். அதனை மீட்க அவன் வாளைப் பிடித்து நகைப்புக்கிடமாகக் குலுக்கவேண்டும். ஆட்டத்தில் எய்திய நிலையைப் பதிந்துவைப்பதற்கு அவன் கழிவறையில் அமர்தல் வேண்டும். கதையின் இறுதியில், அக்கொலைஞர் சங்கமே ஒரு பொய் என்பதும், அவனை ஏற்றிவிட்ட சில்வியா கிறிஸ்டெல் என்பாள் பணத்திற்காகச் செய்த ஏமாற்று அது என்பதும் வெளிப்படுகின்றன.

இவையனைத்தும் எள்ளலே. அவ்வெள்ளல் வாள்பிடித்த தலைவன்மேற் செல்கிறது. அவனை இயக்கும் ஆடுவோர்மேலும் செல்கிறது. முதலிடம் என்னும் ஒன்றை நாடிக் கட்டணம் செலுத்திக் கொன்றவன், அவ்விடமே இல்லையென்று அறியும்போது, அவனோடு கூடப் பொத்தான் அழுத்தி வந்தவரும் எள்ளப்படுகின்றார். எள்ளப்பட்டுத் தாமே நகுகின்றார். மெய்ப்பாட்டியல் காட்டும் இரண்டாந் திசை இதுவே. 'இனி வீரர் இல்லை' என்னும் பொருள்படும் தலைப்பும் இதற்கு ஒத்தது.

ஹாலி சம்மர்ஸ் என்பாளோடு நிகழும் போரில் இவ்விளையாட்டு ஒரு கணம் நகையை முற்றும் நிறுத்துகிறது. வென்றபின் ட்ராவிஸ் அவளைக் கொல்ல மனம் ஒவ்வாது நிற்கின்றான். தோற்றவள் வாழலாகாது என்னும் உறுதியால் அவள் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். அவ்விடத்து அழுகையும் மருட்கையுமே உள. இவ்வமைதி ஆக்கியோரின் கலையறிவைக் காட்டும்.

எனினும் குறையும் உண்டு, அது சிறிதன்று. தலைமைக் கொலைஞர் பதின்மரைச் சென்றடையுமுன் பெயரற்ற அடியாட்கள் பலரை வெட்டிச் செல்லவேண்டியுள்ளது. அவர்களுள் ஒருவன் வெட்டுண்டு விழுந்ததும் சூதாட்டப் பொறியின் உருளைகள் திரையிற் சுழல்கின்றன; உருக்கள் ஒத்து நின்றால் ஆடுவோர்க்கு மிகை ஆற்றல் கிட்டும். இங்கு அறுபட்ட உடல் பரிசுச்சீட்டாக மாறிவிடுகிறது. வட அமெரிக்கப் பதிப்பிற் குருதி பீறிடும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் முதலில் வெளிவந்த பதிப்புகளிற் குருதியை நீக்கி, வீழ்ந்தவர் கருந்துகள்களாகவும் காசுகளாகவும் சிதறும்படி செய்தனர். குருதியை நீக்கியதால் வன்மை குறைந்தது என்று பலர் எண்ணக்கூடும். எம் கருத்து அதற்கு மாறானது. குருதி, வெட்டுண்டது ஓர் உடல் என்பதையேனும் நினைவூட்டும். காசு அதனையும் மறைத்துவிடும். உறுப்பறையை வெகுளிக்குக் களமாக வைத்த தொல்காப்பியர் நோக்கில், காசாகச் சிதறும் உடலே மிகுந்த தீங்குடையது.

5. இரு கணக்குகள்

இரண்டு படைப்புகளிலும் வாட்போர் ஒரு கணக்காகவே நடைபெறுகிறது. மதுரைப் படலத்திற் கணக்கு, குற்றத்திற்கும் உறுப்பிற்கும் இடையது. ட்ராவிசின் கணக்கு, கட்டணத்திற்கும் தரவரிசைக்கும் இடையது. முன்னது தலை வீழ்ந்ததோடு முடிந்துவிடும். ஏனெனிற் குற்றத்திற்கு எல்லையுண்டு. பின்னதற்கு எல்லையில்லை, 2010, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் தொடர்விளையாட்டுகள் வந்தமையும் இதனோடு இயைந்ததே. இவ்வெல்லையின்மையை நோ மோர் ஹீரோஸ் தானே எள்ளி நகைக்கிறது என்பது அதன் பெருமை. எள்ளிக்கொண்டே அதிலேயே உழல்கிறது என்பது அதன் சிறுமை.

6. பிற சான்றுகள்

யாம் கூறிய அளவுகோல் தமிழ் மரபிற் பிறவிடத்தும் செல்லுமோ எனக் காண்பாம். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப்போரைப் பாடிய சயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. உடலங்களே சமையற்பொருளாதலின், நகை வெட்டுண்டார்மேற் செல்கிறது என்பார் உளராகலாம். நுணுகி நோக்கின், நகை பேய்களின் தீராப் பசிமேலும், கூழுக்கு நிற்கும் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் முதலியவற்றின் நடைமேலுமே செல்கிறது. போர் முடிவில் மாறுவேடமிட்டு ஓடும் கலிங்க வீரரை எள்ளுமிடத்தும், எள்ளப்படுவது அவர்தம் ஓட்டமே, அறுபட்ட உறுப்பன்று.

மற்றொரு சான்று மதுரையிலேயே உண்டு. மதுரைவீரன் கதைப்பாடலில், திருமலை நாயக்கர் ஆணையால் வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. அக்கதை கேட்ட மக்கள் அவ்வுடலை நகவில்லை, தெய்வமாக்கி வழிபட்டனர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்கு இன்றும் வழிபாடு நிகழ்கிறது. சுற்றுப்புறத்து ஊர்களிலும் அவன் காவல் தெய்வம். உறுப்பறையால் எழுந்த வெகுளி, ஆற்றுவாரின்றி வழிபாடாக மாறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

ஆவணி மூலத் திருவிழாவிலும் இவ்விரு நிலைகளும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. மக்கள் 'பாணனுக்கு அங்கம் வெட்டிய லீலை' என வழங்கும் நிகழ்ச்சி ஒருநாள். பிட்டுக்கு மண் சுமந்த லீலை மற்றொருநாள். மண் சுமந்த கதையில் வந்தியின் கூலியாளாக வந்த இறைவன் பிட்டை உண்டு, ஆடிப் பாடிப் பொழுது போக்குகின்றான். பாண்டியன் பிரம்பால் அடிக்கின்றான். அவ்வடி அடித்த அரசன் முதுகிலும், எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. அடியுண்டவன்மேற் செல்லவிருந்த நகை, அடித்தவனை நோக்கித் திரும்பும் இடம் இது. தமிழ் நெஞ்சம் வன்மையையும் நகையையும் இணைக்கும்போது இத்திருப்பத்தையே நாடியது என்க.

7. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: வன்மையும் நகையும் ஒரு படைப்பில் ஒருங்கு நிற்றல் கூடும், நகை வாள்பிடித்தவன்மேற் செல்லும்வரை அவை ஒன்றையொன்று கெடா, வெட்டுண்ட உடல்மேற் சென்ற அளவிலே நகையும் தாழும், வெகுளியும் மாயும். இவ்வளவுகோலால் நோ மோர் ஹீரோஸ் பெரும்பகுதி தேறும். உருளை சுழலும் இடங்களில் வீழும்.

மாணாக்கர் ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தல் தமிழ்த்துறையின் தொழிலன்று. அவற்றை ஆடும்போது தாம் எவரைக் கண்டு நகுகின்றோம் என்று அவர்கள் தம்மையே வினவுமாறு பயிற்றுதல் நம் தொழில். அவ்வினாவிற்குரிய கருவி மெய்ப்பாட்டியலில் முன்னரே உள்ளது. அதனைப் பழம் பாடல்களுக்கே உரியதென ஒதுக்கிவைத்தால், இன்று மாணாக்கர் ஒவ்வொருநாளும் எய்தும் நகையும் வெகுளியும் ஆராய்வாரின்றியே கழியும்.