எழுபத்துநாலரை: காதலரை விஞ்சிய முதியவர்

நிர்மல் தே 1953இல் நெறிப்படுத்திய 'சாரே சுயாத்தர்' வங்காளப் படம், உத்தம்குமார் - சுசித்ரா சென் இணையின் தொடக்கம் என்றே பேசப்படுகிறது. பெயரின் பொருள் எழுபத்துநாலரை. பிறர் பிரித்துப் படிக்கலாகாது என்பதற்காகக் கடிதங்களில் இடப்பட்ட எண் அது. கல்கத்தாவில் ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிக்குக் குடும்பத்தோடு ஓர் இளம்பெண் வந்து சேர்கிறாள். காதல் கடிதங்களில் வளர்கிறது. ஒரு கடிதம் விடுதி உரிமையாளர் ரஜனிபாபுவின் மனைவியிடம் சிக்கிவிடுகிறது.

அதன்பின் இளங்காதலர் பின்னுக்குப் போய்விடுகின்றனர். அதுவே படத்தின் பலம் என்பேன். துளசி சக்ரவர்த்தியும் மலினா தேவியும் தாம்பத்தியத்தின் ஊடலை அத்தனை இயல்பாக நடிக்கிறார்கள். அந்த வயதிலும் அவளுக்குப் பொறாமை வருகிறதே, அதைவிட வேறென்ன காதல்! (1958இல் 'பரஷ் பாதர்' படத்தில் சத்யஜித் ராய் துளசியையே நாயகனாக்கியது தற்செயலன்று.)

பானு பந்தோபாத்யாய் கிழக்கு வங்கப் பேச்சில் மால்புவா கேட்கும் காட்சிக்கு இன்றும் சிரிக்கிறார்கள். பிரிவினை முடிந்து ஆறே வருடங்கள், நகரமெங்கும் அகதிகள். அவர்களின் மொழி வேடிக்கையாக்கப்பட்டதோ என்ற உறுத்தல் எழத்தான் செய்கிறது. ஆனால் பானுவே டாக்காவில் பிறந்தவர். தன் மொழியை ஒளிக்காமல், உரத்த குரலில், உரிமையோடு பேசுகிறார். குறை வேறிடத்தில் உண்டு: சுசித்ராவுக்கு அழகாக நிற்பதைத் தவிர அதிகம் பேசக் கிடைக்கவில்லை.